நித்திரை வந்த கரை

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் அவளுக்கே கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். பெற்றவர்கள் பின்பக்கம் ஓர் அறையை இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். புத்தளத்தில் நான் கட்டிய வீடு அப்படித்தான் மகளுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. மருமகனும் நல்ல பிள்ளை. ஆனால் அந்தப் பின்னறைக்குள் குந்திக்கொண்டு, நேரத்துக்கு வரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இயலவில்லை. ஒரு கிழமை இருந்து பார்த்தேன். பிறகு போய் ஒரு பழைய டீசல் வானை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பேர் படுக்கிற அளவுக்குப் பலகைக் கட்டில் அடித்தேன். அதன் கீழே தண்ணீர்க் கான்கள், சட்டி பானை, உடுப்புப் பெட்டி. பின்கதவோடு ஒற்றை அடுப்பு. ஜன்னல்களுக்கு நுளம்பு வராமல் வலை. எல்லாம் என் கைவேலை. ஆணிகளில் பாதி வளைந்துதான் இறங்கியிருந்தது.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “வாப்பா, நத்தை மாதிரி வீட்டை முதுகில தூக்கிக்கொண்டு திரியப் போறீங்களா?”

“நத்தைக்கு மருமகன் இல்லை, மகள்” என்றேன்.

அவள் சிரித்தாள். மருமகனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

மனைவி சிரிக்கவில்லை. கட்டிலைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “எனக்கு இதுக்குள்ள நித்திரை வராது” என்றாள்.

“படுத்துப் பார்த்தாத்தானே தெரியும். கரையோரமாத் தலைமன்னார் வரைக்கும் ஒருக்காப் போய் வருவம்.”

“சரி. தலைமன்னார் மட்டும் வாறன். அதுக்குள்ள ஒருக்காவது நல்லா நித்திரை வந்தால் மிச்சத்தைக் கதைப்பம். வராட்டி வானை வித்துப்போட்டுப் பின்னறையில வந்து இருக்கோணும். மூஞ்சை நீட்டக் கூடாது.”

சம்மதித்தேன். நித்திரை ஒரு பிரச்சினையாக வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு எங்கே சரிந்தாலும் நித்திரை வரும். மறிச்சுக்கட்டியில் பிறந்து, தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைப் போகச் சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து வெளியேறி, புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் ஒரு கிடுகுக் கொட்டில். ஏழாம் வகுப்பில் இருக்கும்போது காற்றில் அதன் கூரை போனது. திருத்தும் வரைக்கும் வரவேண்டாம் என்றார்கள். அந்த இடைவெளியில் ஒரு லொறியில் கிளீனராக ஏறினேன். கூரையைத் திருத்தினார்கள், நான் இறங்கவில்லை. வெங்காய மூட்டைகளின் மேலே, லொறிக்குக் கீழே, பிறகு அரபு நாட்டுப் பாலைவனத்தில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து என்று எல்லா விதமாகவும் நித்திரை கொண்டிருக்கிறேன். மெத்தையும் ஜன்னலும் உள்ள ஒரு வானில் மனிதருக்கு நித்திரை வராது என்றால் நம்புவது கஷ்டம்.

காட்டுக்குள்ளால் வரும் பழைய பாதை மூடிக் கிடந்தது. அதனால் அநுராதபுரம், மதவாச்சி என்று பெரிய சுற்றுச் சுற்றி முருங்கனுக்கு வந்து, அங்கிருந்து தெற்கே சிலாவத்துறையைத் தாண்டி மறிச்சுக்கட்டிக்கு இறங்கினோம். எங்கள் ஊரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. திரும்பி வந்தவர்கள் காடு வெட்டி, கல்வீடு கட்டி, மரவள்ளியும் கச்சானும் போட்டிருந்தார்கள். எங்கள் வளவு எதுவென்று ஒருவர் காட்டினார். அதில் பெரிய பாலை மரம் ஒன்று நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வானை வீடுகளை விட்டுத் தள்ளிக் காட்டு ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். மனிதர் சத்தம் இல்லாத இடமாக இருந்தால் அவளுக்கு நித்திரை வரும் என்பது என் கணக்கு.

நிறுத்திய பிறகு அவள் கைத்தொலைபேசியில் கிப்லாவை, தொழுகிற திசையை, பார்த்தாள். எங்கள் கால்கள் நேரே மேற்கே இருந்தன. “காலை நீட்டிக்கொண்டு படுக்கிற திசையோ இது? திருப்புங்கோ” என்றாள். வானை முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துத் திருப்பினேன். அதற்குப் பிறகு எந்த ஊரில் நின்றாலும் இந்த வேலை இருந்தது. அழகுக்காகக் கடலைப் பார்த்து நிறுத்துவேன், அவள் திருப்ப வைப்பாள்.

விடிய எழும்பினால் அவள் படியில் குந்தியிருக்கிறாள்.

“வந்ததோ?”

“எது?”

“நித்திரை.”

“யானை வரும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தன்.”

“வந்ததோ?”

“இல்லை. அதுவும் வரல்ல.”

அடுத்தது அரிப்பு என்கிற ஊர். அல்லிராணிக் கோட்டை என்று சொல்கிற அந்த இடிந்த கட்டடத்துக்குப் பக்கத்தில், மண் திட்டின் மேலே நின்றோம். கீழே கடல் மட்டும்தான். பொழுது சாயும் நேரம் கடற்படைப் பையன் ஒருவன் சைக்கிளில் வந்தான். வானுக்குள் எட்டிப் பார்த்து அடுப்பையும் கட்டிலையும் கண்டதும் அவனுக்கு ஆச்சரியம். “அய்யே, மேக்க கெதரக்த?” என்றான். இது வீடா என்று கேட்கிறான். லொறிச் சிங்களம் எனக்கு நன்றாக ஓடும். ஆனால் நான் வாய் திறக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள்.

“நே மல்லி. வேன் எக்கக்.”

இல்லைத் தம்பி, வான் என்று சொன்னாள். பையன் தலையாட்டிவிட்டுப் போனான். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அரிப்பிலும் அவளுக்கு நித்திரை இல்லை. நானாட்டானில் வயல்களுக்கு அப்பால் ஒரு குளக்கட்டின் கீழே நின்றோம். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. கடையில் தடித்த ஸ்பொஞ்ச் மெத்தை வாங்கிப் போட்டேன். ஜன்னலைத் திறந்து பார்த்தோம், மூடிப் பார்த்தோம். குளத்தில் இருவரும் முங்கிக் குளித்து, களைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தோம். விடியும்போது அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அரிசி கழுவும்போது கை தவறிப் பாதி அரிசி நிலத்தில் கொட்டியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் பக்கத்தில் குந்திப் பொறுக்கினேன்.

அவள் முறைப்பாடு சொல்கிற ஆள் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முறைப்பாடு சொன்னால் சண்டை பிடிக்கலாம்.

பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் வந்ததும் ஒருமுறை சிரித்தாள். பட்டினத்தில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், வானின் நிழலில் நாலைந்து கழுதைகள். ஒன்று திறந்த பக்கக் கதவுக்குள் தலையை விட்டு எங்கள் கோவாவை இலை இலையாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. மன்னாரில் கழுதைகளுக்கு வீடுவாசல் கிடையாது. றோட்டில்தான் பிறக்கும், றோட்டில்தான் நிற்கும்.

“இஞ்சாருங்கோ,” என்றாள், “உங்கட சொந்தக்காரர் வந்திருக்கினம். தேத்தண்ணி ஊத்தவோ?”

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் போனோம். அது அவளுடைய ஊர். அவளுடைய உம்மாவின் வளவு, வழக்கப்படி, கடைசியாகக் கட்டிக்கொடுத்த தங்கைக்குப் போனது. தங்கை புத்தளத்திலேயே தங்கிவிட்டாள். அதனால் வளவில் ஒரு கிணறும் தென்னைகளும் மட்டும் நின்றன. பக்கத்துத் தெருவில் அவளுடைய பெரியம்மாவின் மகள் இருக்கிறா. இவள் தாத்தா என்று கூப்பிடுகிற மூத்தவள். எங்களைக் கண்டதும் அழுது, அழுது முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டா.

“கட்டின வீட்டைக் குடுத்துப்போட்டு றோட்டில படுக்கிற முதல் ஆள் நீங்கள்தான், மச்சான். என்ர தங்கச்சியின்ர முகத்தைப் பாருங்கோ! குளிப்பாட்டிக் கிடத்தின மையத்து மாதிரிக் கிடக்கு.”

“நான் என்ன செய்ய, தாத்தா? அவக்கு நித்திரை வருதில்லை.”

“நித்திரை வாறதுக்குத்தான் வீடு கட்டுறது. வா புள்ள, உள்ளுக்கு ஃபேன் போட்டு அறை கிடக்கு. படு.”

மனைவி அந்த அறை வாசல்வரை போனாள். கட்டிலில் நல்ல விரிப்பு விரித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். “தலைமன்னார் மட்டும் எண்டு சொல்லிப்போட்டன், தாத்தா. இப்ப உள்ளுக்குப் படுத்தால் இந்த மனிசன் சாகும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரியும்.”

அன்று வானை அவளுடைய உம்மாவின் வளவில், கிணற்றடியில் நிறுத்தினோம். சொந்த மண், எப்படியும் வரும் என்று நினைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. விடியும்போது அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. வானை விற்பது என்று மனதுக்குள் அப்போதே முடிவு கட்டினேன். யாரிடம் சொல்லலாம், கட்டிலைக் கழற்றிவிட்டு விற்பதா அப்படியே விற்பதா என்றுகூட யோசித்தேன். அவளிடம் சொல்லவில்லை. தலைமன்னார் இன்னும் வரவில்லையே.

பேசாலை தாண்டிய பிறகு தெற்குப் பக்கமாக ஒரு மணல் பாதை பிரிந்தது. கடைசியாக ஒருமுறை, இருக்கிற இடங்களிலேயே அமைதியான இடமாகப் பார்ப்போம் என்று அதில் வானை விட்டேன். பனைகளைத் தாண்டியதும் கடல். வாடைக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கரையில் ஒரு கல் இல்லை, முள் இல்லை, ஒரு படகுகூட இழுத்துப் போட்டிருக்கவில்லை. கூட்டிவிட்டது போல மணல். இவ்வளவு நல்ல இடத்தை ஆட்கள் எப்படி விட்டுவைத்தார்கள் என்று நினைத்தேன்.

அவளுக்குச் சந்தேகம். “ஏன் இவ்வளவு துப்புரவாக் கிடக்கு?”

“கடல் கழுவுது” என்றேன்.

வயல் வரம்பில் பிறந்து லொறியில் வளர்ந்தவனின் பதில் அது. கடற்கரை ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கரை துப்புரவாக இருக்கிறது என்றால் யாரோ அதைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அது கரைவலைப் பாடு. வலையை இழுத்து, மீன் சேரும் அதன் மடியைக் கரையேற்றும் இடம். கல்லும் முள்ளும் இருந்தால் வலை கிழிந்துவிடும் என்று நாள்தோறும் பொறுக்குவார்கள். ஒவ்வொரு வலைக்கும் அதில் முறை உண்டு. இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். முறை தவறினால் அன்றைய பாடு போச்சு. அதன் நட்ட நடுவில் நான் வானை நிறுத்தி, கிப்லா பார்த்து ஒழுங்காகத் திருப்பியும் வைத்திருந்தேன்.

விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி கண்ணயர்ந்த நேரம் கதவில் படபடவென்று தட்டினார்கள்.

“ஆர் உள்ளுக்கு? அண்ணை! எழும்புங்கோ அண்ணை!”

திறந்தேன். இடுப்பில் கயிற்றுப் பட்டி கட்டிய ஒருவன். அவனுக்குப் பின்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். இந்தப் பக்கம் ஒரு கயிறு கடலுக்குள் போகிறது, அந்தப் பக்கம் ஒரு கயிறு. இருட்டோடு படகை அப்பாலிருந்து தள்ளியதால் வானைக் கண்டிருக்கவில்லை. வலையை வளைத்துவிட்டு வந்து பார்த்தால் நடுவில் நாங்கள்.

“வலை கடலுக்க போயிட்டுது, அண்ணை. மடி வந்து ஏறுற இடத்தில நிக்கிறீங்கள். வானுக்கு மேலால இழுக்கிறதோ?”

கூடையோடு நின்ற ஒரு பெண் சொன்னாள்: “விடடா, மீனை நேர வானுக்கையே கொட்டுவம். கொழும்புக்குக் கொண்டு போகட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள், கயிற்றுக்காரனைத் தவிர. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாய்ந்து போய் ஸ்டார்ட் பண்ணினேன். சில்லுகள் சுற்றின, சுற்றிச் சுற்றி இறங்கின. பின்சில்லு பாதிக்கு மேல் மணலுக்குள் போய்விட்டது.

அதற்குள் வலைச் சொந்தக்காரர், சம்மாட்டி, உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்தார். பெரிய உடம்பு, கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. இறங்கி வானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“எந்த ஊர், ஐயா?”

“மறிச்சுக்கட்டி. இப்ப புத்தளம்.”

“அப்ப கடல் தெரியாது.”

“கடல் தெரியாது. லொறி ஓடினனான்.”

“லொறி ஓடினவர் புதைச்சிருக்கிற வடிவைப் பாருங்கோடா” என்றார். பிறகு குரல் மாறியது. “கெதியாச் செய்வம். மடி கிட்ட வந்திட்டுது. பொம்பிளையள் ஆரும் உள்ளுக்கு இருக்கினமோ? இறங்கச் சொல்லுங்கோ.”

உள்ளே எட்டி, “எழும்பு, வானை இழுக்கப் போகினம்” என்றேன். “ம்… நீங்கள் போங்கோ, வாறன்” என்றாள். ஆனால் வரவில்லை. கடைசி நாளிலும் இப்படிச் செய்துவிட்டேனே என்று கோபித்துக்கொண்டாளாக்கும் என்று நினைத்தேன். திரும்பக் கூப்பிட நேரமில்லை. பனை ஓலைகளைக் கொண்டுவந்து சில்லுக்குக் கீழே திணித்தார்கள். உழவு இயந்திரத்தில் சங்கிலியைக் கொளுவினார்கள். பின்னாலிருந்து பத்துப் பதினைந்து பேர் தள்ளினார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற ஏலேலோவை ஒருவன் வானுக்குத் தொடங்கினான்.

“சில்லு வைச்ச திமிங்கிலம்
சிக்கிப் போச்சு ஏலேலோ…”

கூட்டம் திருப்பிப் பாடியது. உழவு இயந்திரம் முழங்கியது. வான் ஒருமுறை கவிழ்வது போலச் சரிந்து, எழும்பி, சட்டி பானை எல்லாம் உருண்டு, ஒரு குலுக்கலோடு மேலே ஏறியது. பனைகளுக்குக் கீழே இறுகிய தரையில் கொண்டுவந்து விட்டார்கள்.

பயந்துபோய்ப் பின்கதவைத் திறந்தேன். தலையணை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஒரு கரண்டி அவள் காலடியில் கிடந்தது. வாய் திறந்தபடி, மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டு, அவள் நித்திரை.

கூடைக்காரப் பெண் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “அக்காவுக்குச் சுகமில்லையோ?”

“இல்லை. நித்திரை.”

“இந்தச் சத்தத்துக்கையோ? குடுத்து வைச்ச மனிசி!”

கதவைச் சாத்தினேன். ஓடிப் போய்க் கயிற்றில் கை வைத்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான். கயிறு ஈரமாகவும் முரடாகவும் இருந்தது. உள்ளங்கைத் தோல் கொஞ்ச நேரத்திலேயே உரிந்தது. எனக்கு முன்னால் இழுத்தவன் சொன்னபடி காலைக் குத்தி, உடம்பைச் சாய்த்து, பின்னுக்கு நடந்தேன். நாங்கள் நின்ற அதே இடத்தில்தான் மடி வந்து ஏறியது. சூடையும் காரலும் ஒன்றிரண்டு பாரையும் துடித்தன. பெரிய பாடு என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை என்றார்கள். சம்மாட்டி எனக்கும் ஒரு பை நிறைய மீன் போட்டார். நான் வேண்டாம் என்றேன். வழியை மறித்தவனுக்கு எதற்கு?

“கயித்தில கை வைச்சால் கறிக்கு மீன் உண்டு. இது நான் போட்ட சட்டமில்லை, ஐயா. பிடியுங்கோ.”

ஏலம் கூவினார்கள், சண்டை பிடித்தார்கள், ஐஸ் லொறி வந்தது, காகங்கள் வந்தன, லொறி போனது. வெயில் ஏற ஏற ஆட்கள் வலையைக் காயப்போட்டுவிட்டுக் கலைந்தார்கள். கரை அடங்கியது. அடங்கிக் கொஞ்ச நேரத்தில் வானின் கதவு திறந்தது.

“எல்லாரும் எங்க போயிற்றினம்?” என்று கேட்டாள். முகத்தில் விரிப்பின் மடிப்பு பதிந்திருந்தது.

நடந்ததைச் சொன்னேன். திமிங்கிலப் பாட்டையும் சொன்னேன். மணலில் கிடந்த சில்லுத் தடத்தைப் பார்த்துத்தான் நம்பினாள்.

“இத்தனை நாளும் ஒரு இலை விழுகிற சத்தம்கூட இல்லாத இடத்தில படுக்க வைச்சன்” என்றேன். “வரல்ல. இஞ்ச ஊரே கத்தினது, வந்திட்டுது.”

அவள் படியில் இருந்து யோசித்தாள். “சத்தம் கேட்டது. ஆரோ முழிச்சிருக்கினம் எண்டு தெரிஞ்சுது. அப்ப நான் முழிச்சிருக்கத் தேவையில்லைத்தானே.”

பிறகுதான் சொன்னாள். ஊரை விட்டு வெளியேறின அன்று இரவு வள்ளத்துக்காகக் கரையில் காத்திருந்தபோது, அவளுடைய உம்மா கைக்குழந்தையோடு சரிந்து நித்திரையாகிவிட்டாவாம். மூத்த பிள்ளை நீதான், முழிச்சிருந்து மூட்டைகளையும் தம்பி தங்கைகளையும் பார் என்று சொல்லிவிட்டு. அவளுக்கு ஏழு வயது. ஒரு சத்தமும் இல்லையாம். பிறகு முகாமில் ஒரு கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். இருமல், அழுகை, சண்டை. அங்கே நன்றாக நித்திரை வந்ததாம். புத்தளத்து வீட்டிலும் அடுத்த வீட்டு ரீவி சுவரோடு கேட்கும்.

“இதை ஏன் முதலே சொல்லல்ல?”

“எனக்கே இப்பத்தான் தெரியுது. நீங்கள் நல்ல நல்ல இடமாத் தேடித் தேடி நிப்பாட்டினீங்கள். பாவமாக் கிடந்தது.”

மீனைச் சுத்தம் பண்ணினாள். பச்சை மிளகாய் போட்டு ஆணம் காய்ச்சினாள். எனக்கு உரிந்த கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை, கரண்டியால் சாப்பிட்டேன். அவள் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள்.

பின்னேரம் தலைமன்னாருக்குப் போனோம். இடம் பார்க்கும் வேலையை அவளிடம் விட்டேன். வெளிச்சவீட்டுப் பக்கம் வெறும் கரை கிடந்தது, திரும்பியும் பார்க்கவில்லை. “இஞ்ச” என்றாள். பஸ் வந்து திரும்புகிற இடம். ஒரு பக்கம் தேத்தண்ணிக் கடை, ஒரு பக்கம் கோழிக் கடை, அப்பால் றெயில் பாதை.

“இஞ்சயோ?”

“ஓம், இஞ்சதான். கொஞ்சம் திருப்பி விடுங்கோ, கால் மேற்க கிடக்கு.”

அவள் நித்திரை கொண்டாள். நான் கொள்ளவில்லை. எங்கே சரிந்தாலும் நித்திரை வரும் என்றவன் ஒவ்வொரு ஹோர்னுக்கும் கண்ணைத் திறந்தேன். அதற்குமேல் றோட்டும் இல்லை. பேச்சுப்படி அவள் இனிச் சொல்ல வேண்டும். விற்பதா வேண்டாமா என்று அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். விடிந்ததும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அடுப்புக்கு மேலே கையைக் காட்டினாள்.

“இதில ஒரு தட்டு அடியுங்கோ. தூள் போத்தல் வைக்க இடமில்லை. நேற்று எல்லாம் உருண்டு போச்சு. ஆணியை வளைக்காமல் அடியுங்கோ.”

“சரி” என்றேன்.

கடைத்தெருவில் பலகை விற்கிற இடத்துக்குப் போனேன். எவ்வளவு நீளம் என்று கடைக்காரர் கேட்டார். அளக்காமல் வந்திருந்தேன். திரும்பி நடந்தேன். வானைத் திறந்தால், இத்தனை நாள் கடனையும் ஒரேயடியாகத் தீர்ப்பது போல அவள் மறுபடியும் படுத்திருந்தாள். ஒரு பஸ் நடத்துனர் மன்னார், மன்னார் என்று கூவிக்கொண்டிருந்தார். கட்டிலின் விளிம்பில் முழங்காலை ஊன்றி, அடுப்புக்கு மேலே சாண் போட்டு அளக்கத் தொடங்கினேன். பாதியில் பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. தேத்தண்ணிக் கடை ரேடியோவும் நின்றது. ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அவள் புருவம் சுருங்கியது, தலை அசைந்தது.

நான் செருமினேன். பிறகு, தேவையே இல்லாமல், வானின் தகரத்தில் விரலால் தட்டித் தட்டி, ஒரு சாண், இரண்டு சாண் என்று வாய்விட்டு எண்ணினேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.